பில்லில் 'டயர் ரொட்டேஷன்' என்று இருக்கிறது, உண்மையில் பண்ணினார்களா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் இருந்து தினமும் ஸ்விஃப்ட்டில் அம்பாசமுத்திரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறீர்கள். ஒவ்வொரு சர்வீஸ் பில்லிலும் 'டயர் ரொட்டேஷன்', அதாவது டயர்களை முன்னும் பின்னும் இடம் மாற்றிப் போடுவது, என்று ஒரு வரி இருக்கிறது. ஆனால் முன் டயர் இரண்டு மட்டும் தேய்ந்துகொண்டே போகிறது, பின் டயர் புதுசு மாதிரி இருக்கிறது. கேட்டால் "அதெல்லாம் பண்ணியாச்சு மேடம்" என்கிறார்கள். கூடவே அலைன்மென்ட், பேலன்சிங் என்று செலவு ஏறுகிறது. இவர்களிடம் எப்படிப் பேசுவது, செய்தார்களா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, இதற்கு ஷோரூமா, வெளியே டயர் கடையா?

நான் திருநெல்வேலியில் பல வருடம் சர்வீஸ் அட்வைசராக மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன். அதனால் முதலில் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். அது தெரிந்தால் பேச்சு தானாகவே மாறிவிடும்.

காலை 9 மணியிலிருந்து பத்தரை வரை அட்வைசருக்கு மூச்சு விட நேரம் இருக்காது. வரிசையாக வண்டி நிற்கும். நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே அவர் கம்ப்யூட்டரில் ஜாப் கார்டு போடுவார். அந்த அட்டைதான் உள்ளே போகும். சூப்பர்வைசர் அதைப் பார்த்து ஒரு மெக்கானிக்கிடம் கொடுப்பார். சக்கரத்தைக் கழற்றப் போகிற அந்தப் பையன் உங்களைப் பார்த்ததே இல்லை. நீங்கள் பத்து நிமிடம் விளக்கிச் சொன்னதில் அட்டையில் ஏறியது ஒரு வார்த்தை என்றால், அவனுக்குத் தெரிந்தது அந்த ஒரு வார்த்தைதான். 'டயர் ரொட்டேஷன்' என்று மட்டும் இருந்தால் எந்தச் சக்கரம் எங்கே போக வேண்டும் என்பது அவன் இஷ்டம். அன்றைக்கு வண்டி நிறைய, சாயங்காலம் 5 மணிக்கு டெலிவரி என்றால் சக்கரம் இருந்த இடத்திலேயே இருந்துவிடவும் வாய்ப்பு உண்டு.

பில்லில் அந்த வரி எப்படி வந்தது என்று கேட்பீர்கள். இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் சர்வீஸ் என்று தேர்ந்தெடுத்தாலே, அதற்குரிய வேலைகள் எல்லாம் மொத்தமாக அட்டையில் விழுகிற மாதிரி அமைத்திருக்கும் இடங்கள் உண்டு. பில் அதிலிருந்து அச்சாகிறது. அதனால் பில்லில் ஒரு வரி இருப்பது, அந்த வேலை பட்டியலில் இருந்தது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. ஏமாற்ற வேண்டும் என்று திட்டம் போட்டுச் செய்வது குறைவு. சோம்பலும் அவசரமும்தான் அதிகம். இதை மனதில் வைத்துப் பேசினால் சண்டை வராது.

அடுத்து, உங்கள் காரில் ரொட்டேஷன் என்றால் என்ன நடக்க வேண்டும்? ஸ்விஃப்ட் முன்சக்கர இழுவை வண்டி. இன்ஜின் எடை முன்னால், வண்டியை இழுப்பது முன் சக்கரம், திருப்புவதும் அதுவே, பிரேக் பிடிக்கும்போது பாரம் சாய்வதும் அங்கேதான். முன் டயர் சீக்கிரம் தேய்வது கோளாறு இல்லை, இயல்பு. அதைச் சமப்படுத்தத்தான் இடம் மாற்றுகிறோம். முன்சக்கர இழுவை வண்டிக்குப் பொதுவான முறை இது: முன் டயர் இரண்டும் அதே பக்கத்தில் நேராகப் பின்னால் போகும், பின் டயர் இரண்டும் பக்கம் மாறி முன்னால் வரும். பொலேரோ, இன்னோவா கிரிஸ்டா மாதிரி பின்சக்கர இழுவை வண்டிக்கு இது தலைகீழ்: பின் டயர் நேராக முன்னால் வரும், முன் டயர் பக்கம் மாறிப் பின்னால் போகும். உங்கள் கார் மேனுவலில் வேறு படம் போட்டிருந்தால் அதுதான் சட்டம்.

இரண்டு விஷயம் இதை மாற்றும். டயரின் பக்கச் சுவரில் அம்புக்குறி போட்டு ஒரே திசையில் சுற்ற வேண்டும் என்று இருந்தால் பக்கம் மாற்றக் கூடாது. முன்னும் பின்னும் மட்டும் மாற்றலாம். அப்புறம் ஸ்டெப்னி. அது மற்ற நான்கின் அதே அளவு, அதே வகை என்றால் அதையும் சுற்றில் சேர்க்கலாம். நான்கு அலாய் வீல், ஸ்டெப்னி மட்டும் சின்ன இரும்பு வீல், மேலே 80 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாதே என்று ஒட்டியிருக்கிறது என்றால் அதைத் தொடவே வேண்டாம்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்றால், பொதுவாக 8,000 முதல் 10,000. பாளையிலிருந்து சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வழியாக அம்பைக்குப் போய் வர ஏறக்குறைய 80 கிலோமீட்டர் வரும். மாதம் 2,000 வைத்துக்கொண்டால் ஐந்து மாதத்தில் 10,000 தொட்டுவிடும். ஆறு மாதம் ஆகட்டும் என்று தேதியைப் பார்க்காமல் மீட்டரைப் பாருங்கள்.

இனி பேச்சு. இடது, வலது என்று சொல்லாதீர்கள். வண்டிக்கு எதிரே நின்று பேசும்போது உங்கள் இடது வண்டியின் வலது ஆகிவிடும். பட்டறையில் எல்லோருக்கும் புரிகிற பேச்சு 'டிரைவர் சைடு', 'கிளீனர் சைடு'. லாரியிலிருந்து வந்த பேச்சு, காருக்கும் அதுதான். "டிரைவர் சைடு முன்னாடி", "கிளீனர் சைடு பின்னாடி" என்று சொன்னால் தப்பு நடக்க வழியே இல்லை. அதேபோல "டயரை மாத்தணும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். புது டயர் விலைப்பட்டியல் எடுத்து வந்துவிடுவார்கள். "இருக்கிற டயரையே இடம் மாத்திப் போடணும்" என்று சொல்லுங்கள்.

அட்டையில் ஏற வேண்டியது இவ்வளவுதான் (இதில் 'பட்டன்' என்பது டயரில் ரோட்டைத் தொடுகிற ரப்பர் மேடு). அட்வைசர் டைப் செய்யும்போது கூடவே இருந்து சொல்லுங்கள்:

"முன் டயர் ரெண்டும் அதே சைடுல பின்னாடி. பின் டயர் ரெண்டும் சைடு மாறி முன்னாடி. கழட்டும்போது நாலு டயர்லயும் பட்டன் எத்தனை மில்லிமீட்டர் இருக்குன்னு அளந்து எழுதணும். அலைன்மென்ட், பேலன்சிங் வேணும்னா போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் செய்யணும்."

அப்புறம் "ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க தம்பி" என்று கேளுங்கள். இந்த ஒரு வாக்கியம் போதும். வாசித்துக் காட்டச் சொல்கிற வாடிக்கையாளரின் வண்டியில் வேலை தப்பாது என்பது நான் அந்த நாற்காலியில் இருந்து பார்த்தது. அட்டையின் நகலைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மில்லிமீட்டர் அளவு எதற்கு என்றால், அதைக் கேட்டுவிட்டால் சக்கரத்தின் பக்கத்தில் ஒருவர் குனிந்துதான் ஆக வேண்டும். புது கார் டயரில் பட்டன் ஆழம் 7, 8 மில்லிமீட்டர் இருக்கும். 1.6 மில்லிமீட்டருக்கு வந்தால் கதை முடிந்தது. டயரின் பள்ளத்துக்குள்ளே குறுக்கே சின்ன மேடு இருக்கும் பாருங்கள், பட்டன் அந்த மேட்டு மட்டத்துக்கு வந்துவிட்டால் அதுதான் 1.6. போன சர்வீஸில் முன்னால் 6, பின்னால் 7 என்று எழுதியிருந்து, இந்தத் தடவை முன்னால் இன்னும் குறைந்து 5, பின்னால் அதே 7 என்றால் நடுவில் இடம் மாறவில்லை என்று அந்தத் தாளே சொல்லிவிடும். நீங்கள் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

நேரடியாகவே பார்க்க வேண்டும் என்றால் குறி வைக்கலாம். சாக்பீஸ் வேண்டாம், சர்வீஸ் முடிந்ததும் வாட்டர் வாஷில் போய்விடும். நகப்பூச்சு எடுத்து டயரின் பக்கச் சுவரில் காற்று வால்வுக்குப் பக்கத்தில் முன் டிரைவர் சைடுக்கு ஒரு புள்ளி, முன் கிளீனர் சைடுக்கு இரண்டு, பின்னால் மூன்று, நான்கு என்று வையுங்கள். போனில் நான்கையும் படம் எடுத்துவிடுங்கள். வண்டியை எடுக்கும்போது, ஒற்றைப் புள்ளியும் இரட்டைப் புள்ளியும் பின்னால் இருக்க வேண்டும். டயரில் அச்சாகியிருக்கும் தயாரிப்பு எண்ணை வைத்தும் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கடைசி நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம்; 3523 என்றால் 2023-ஆம் வருடம் 35-ஆவது வாரம். டயரின் வயதைத் தெரிந்துகொள்ள இது அருமையான வழி. ஆனால் காரோடு வந்த நான்கு டயரும் ஒரே வாரத்தில் செய்ததாக இருக்கலாம், தேதி உள்பக்கச் சுவரில் மட்டும் இருக்கவும் செய்யும். இந்த வேலைக்கு நகப்பூச்சுதான் நல்லது.

செய்யவில்லை என்று தெரிந்தால்? கத்தாதீர்கள். நம் ஊரில் "அண்ணாச்சி" என்ற ஒரு சொல் பாதி வேலையைச் செய்துவிடும். ஷோரூமில் சூப்பர்வைசர் வயதில் மூத்தவராக இருப்பார். அவரைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, எந்த வீல் எங்க போச்சுன்னு எனக்கு ஒரு தடவை காட்டுங்க, நான் குறி வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுச் சும்மா நில்லுங்கள். "அப்படியா, கொஞ்சம் இருங்கம்மா, இப்பவே பாத்துத் தாரேன்" என்றுதான் பதில் வரும். அரை மணி நேரத்தில் முடிகிற வேலை. லிஃப்டில் ஏற்றும்போது கூட நிற்கலாம். உள்ளே வரக் கூடாது என்று சில இடத்தில் சொல்வார்கள், அது பாதுகாப்புக்காக. கோட்டுக்கு வெளியே நின்று பார்க்க யாரும் தடை சொல்லக் கூடாது.

பெண்கள் போனால் "சார் வரலையா, அவர்ட்ட பேசிக்கிடுதோம்" என்று சொல்லும் பழக்கம் இன்னும் சில இடத்தில் இருக்கிறது. அது எனக்கு அறவே பிடிக்காது. "வண்டி ஓட்டுறது நான்தான், எங்கிட்டயே சொல்லுங்க" என்று ஒரு தடவை சொன்னால் போதும். ஜாப் கார்டில் உங்கள் நம்பர்தான் இருக்க வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பேலன்சிங் பண்ணட்டுமா என்ற போன் வீட்டில் வேறு யாருக்கோ போகும், அவர்கள் சரி என்று சொல்லிவிடுவார்கள்.

அந்தக் கூடுதல் செலவுக்கு வருவோம், ஏனென்றால் பணம் போகிற வழி அதுதான். மூன்றும் வேறு வேறு வேலை. ரொட்டேஷன் என்பது சக்கரத்தை இடம் மாற்றுவது. பேலன்சிங் என்பது சக்கரத்தைச் சுற்றவிட்டு எந்த இடத்தில் எடை குறைகிறதோ அங்கே சின்ன எடை ஒட்டுவது. அலைன்மென்ட் என்பது சக்கரம் நிற்கிற கோணத்தைச் சரிசெய்வது. டயரை டிஸ்க்கை (டயர் மாட்டியிருக்கும் உலோக வட்டத்தை) விட்டுக் கழற்றாமல் சக்கரத்தோடு இடம் மாற்றினால் பேலன்ஸ் கெடாது, கோணமும் மாறாது. அதனால் ரொட்டேஷன் பண்ணினால் மற்ற இரண்டும் பண்ணியே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால், எதனால் என்று கேளுங்கள்.

இங்கேதான் வாடிக்கையாளர்கள் வழக்கமாகச் சறுக்குவார்கள். வேலையின் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள்: "அலைன்மென்ட் பண்ணுங்க." பெயரைச் சொன்னால் அந்த வேலை நடக்கும், கோளாறு போகாது. என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள். 80, 90 வேகத்தில் ஸ்டீயரிங் உதறுகிறதா? பேலன்சிங்காக இருக்கும். கையை லேசாக விட்டால் ஒரு பக்கம் இழுக்கிறதா? காற்று வித்தியாசமோ அலைன்மென்டோ. டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. உள் ஓரம் மட்டும் என்றால் கோணம். அங்கங்கே குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பரைப் பார்க்க வேண்டும். எந்த வேகத்தில், எந்த ரோட்டில், பிரேக் பிடிக்கும்போதா சும்மா போகும்போதா என்று சொன்னால் நல்ல மெக்கானிக் பாதி கண்டுபிடித்துவிடுவான்.

இழுக்கிறது என்று சொல்வதற்கு முன் ஒரு விஷயம். நம் ரோடுகள் மழைநீர் வடிய ஓரத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். இடது பக்கம் ஓட்டுகிற நமக்கு வண்டி லேசாக இடது பக்கம் ஒதுங்குவது சகஜம். அதோடு ஆடி மாதக் காற்று. நாங்குநேரி தாண்டி வள்ளியூர், காவல்கிணறு பக்கம் நான்கு வழிச் சாலையில் போகும்போது காற்றே வண்டியைத் தள்ளும். அத்தனை காற்றாலையைச் சும்மாவா அங்கே நட்டு வைத்திருக்கிறார்கள்? அந்த வழியில் கன்னியாகுமரி போய்விட்டு வந்து "வண்டி இழுக்குது" என்று அலைன்மென்டுக்குக் காசு கொடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காற்று இல்லாத காலை நேரத்தில், மட்டமான ரோட்டில், டயரில் சரியான காற்றோடு ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

அலைன்மென்ட் செய்தால் முன்பு, பின்பு என்று இரண்டு அளவும் இருக்கிற தாளை வாங்குங்கள். மெஷின் அதை அச்சடித்துத் தரும். ஸ்விஃப்ட்டில் பின்பக்கம் டார்ஷன் பீம் (இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கிற குறுக்குக் கட்டை), அங்கே சாதாரணமாகத் திருகிச் சரிசெய்ய எதுவும் கிடையாது. முன் சக்கரத்தின் டோ அளவுதான், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற அளவுதான், பெரும்பாலும் சரிசெய்வார்கள். 'முன்பு' கட்டத்திலேயே எல்லாம் வரம்புக்குள் இருந்திருந்தால், அடுத்த தடவை அதற்குச் சரி சொல்லாதீர்கள். ஆனால் தாளைப் பத்திரமாக வையுங்கள். அலைன்மென்ட் கோளாறால் வந்த தேய்மானத்துக்கு டயர் கம்பெனிகள் வாரன்ட்டி தர மாட்டார்கள், அப்போது உங்கள் பக்கம் பேச அது உதவும்.

ரொட்டேஷன் முடிந்த மறுநாளே "புதுசா உதறுது, கெடுத்துட்டாங்க" என்று வருகிறவர்கள் உண்டு. கெடுத்திருக்க மாட்டார்கள். பின்னால் இருந்தபோது அந்தச் சக்கரத்தின் எடைக் குறை ஸ்டீயரிங்குக்குத் தெரியவில்லை. முன்னால் வந்ததும் தெரிகிறது. அப்போது முன் சக்கரம் இரண்டுக்கு மட்டும் பேலன்சிங் கேளுங்கள். ஒட்டுகிற எடைக்குத் தனிக் கணக்கு போடுவார்கள், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

காற்று விஷயம் சுருக்கமாக. எவ்வளவு வைக்க வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் வேறு அளவு போட்டிருந்தால், இடம் மாற்றிய பிறகு காற்றையும் மாற்ற வேண்டும்; பலர் விட்டுவிடுவது இதைத்தான். அந்த அளவு டயர் சூடாகாதபோது இருக்க வேண்டியது. சித்திரை வெயிலில் அம்பையிலிருந்து ஓட்டி வந்து நேராகப் பட்டறையில் விட்டால் மூன்று, நான்கு பாயிண்ட் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் குறைவாக நிற்கும். "வண்டி சூடா வந்திருக்கு, காத்தை இறக்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள். நைட்ரஜன் போடட்டுமா என்று கேட்பார்கள். நாம் மூச்சு விடுகிற காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். உங்கள் ஓட்டத்துக்குத் தேவையில்லை.

இப்போது உங்கள் வண்டிக்கே வருகிறேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முன் டயர் ஏற்கெனவே ரொம்பத் தேய்ந்திருக்கும் என்று தோன்றுகிறது. அப்படியென்றால் உடனே ரொட்டேஷன் கேட்காதீர்கள், முதலில் அளக்கச் சொல்லுங்கள். முன்னால் 4, பின்னால் 6 என்கிற மாதிரி இருந்தால் தாராளமாக மாற்றலாம். முன்னால் இரண்டு, இரண்டரைதான் இருக்கிறது என்றால் மாற்றாதீர்கள். மொட்டையான டயரைப் பின்னால் போட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோட்டில் தண்ணீர் நிற்கும்போது வண்டியின் பின்பக்கம் வழுக்கும். முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளித்துவிடலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டியே சுற்றிவிடும். அந்த நிலைமையில் புதுசு இரண்டு வாங்கிப் பின்னால் போட்டு, இப்போது பின்னால் இருக்கும் நல்ல டயர் இரண்டையும் முன்னால் கொண்டு வருவதுதான் சரி. கடைக்காரர் "ஸ்டீயரிங் பக்கம்தான் புதுசு போடணும்மா" என்று அடித்துச் சொல்வார். ரொம்ப நாளாக இருக்கிற நம்பிக்கை அது. டயர் கம்பெனிகளே புதுசைப் பின்னால் போடத்தான் சொல்கின்றன. "சரி அண்ணாச்சி, நீங்க சொல்றது புரியுது, எனக்குப் பின்னாடியே போட்டுத் தாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், போட்டுத் தருவார்.

ஷோரூமா, வெளியே டயர் கடையா என்றும் கேட்டிருந்தீர்கள். ரொட்டேஷனுக்கு மட்டும் என்றால் நான் டயர் கடைக்குத்தான் போவேன். கண் முன்னால் நடக்கும், வேலை செய்கிற ஆளிடமே பேசலாம், நடுவில் அட்டை இல்லை. ஷோரூமில் செய்வதென்றால் மேலே சொன்னபடி எழுத்தில். இரண்டு இடத்திலும் கடைசியாகப் பார்க்க வேண்டியது நட்டு. காற்றுத் துப்பாக்கியை வைத்து இறுக்கு இறுக்கு என்று இறுக்கிவிட்டால், ராத்திரி வழியில் பஞ்சர் ஆகும்போது உங்கள் வீல் ஸ்பானரால் கழற்ற முடியாது. துப்பாக்கியால் லேசாக ஏற்றிவிட்டு, எதிரெதிராக மாற்றி மாற்றி, முடிவில் டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்து இறுக்கச் சொல்லுங்கள். சின்ன கார்களுக்கு அந்த இறுக்கம் பொதுவாக 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். உங்கள் வண்டிக்கான எண் மேனுவலில் இருக்கிறது. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு தடவை சரிபார்க்க வேண்டும். உங்களுக்கு அது ஒரு நாள் ஓட்டம்தான். மறுநாள் சாயங்காலம் திரும்பி வரும்போது அதே கடை வாசலில் நிறுத்தி ரெஞ்ச் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் ஆகும். இதற்குக் காசு கேட்கிற கடையை நான் இதுவரை பார்த்ததில்லை.